இருப்பு எத்தனை மாதத்துக்கு? குனோம் அறக்கட்டளையின் கால் நூற்றாண்டுக் கணக்கு

2014 ஏப்ரலில் குனோம் அறக்கட்டளையின் இயக்குநர் வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கையில் ரொக்க இருப்பு இல்லை, அவசியமில்லாத செலவுகள் எல்லாம் நிறுத்திவைக்கப்படுகின்றன என்பது அதன் சாரம். யாரும் பணத்தைக் கையாடவில்லை, நன்கொடைகளும் நின்றுபோகவில்லை. அறக்கட்டளை நடத்திவந்த ஒரு திட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்ததுதான் சிக்கலுக்குக் காரணம். சரியாகப் பத்தாண்டு கழித்து, 2024 ஏப்ரலில், அதே வாரியம் இன்னோர் அறிவிப்பு வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வரவை மிஞ்சிச் செலவு நடக்கிறது, நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பெரிய நன்கொடைகளின் மிச்சத்தில்தான் இதுவரை காலம் ஓடியது, இனிப் பற்றாக்குறை வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தர முடியாது என்றது வாரியம். இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அந்த நிறுவனத்துக்கு மில்லியன் கணக்கில் தொகைகள் வந்து சேர்ந்தன.

பணம் இல்லாததால் ஒரு முறையும், பணம் வந்த பிறகு ஒரு முறையும் தடுமாறிய நிறுவனம் என்று இதைச் சொல்லலாம். சிறிய அறக்கட்டளைகளின் நிதி எப்படி இயங்குகிறது என்று படிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். பெரும்பாலான அறக்கட்டளைகள் நெருக்கடியை வெளியே சொல்லாமல் மூடிமறைத்துவிடும். குனோமின் வாரியம் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுவது. அதனால் சங்கடமான செய்தியையும் சபையில் வைத்தாக வேண்டும்.

குனோம் என்பது லினக்ஸ் கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் திரைமுகப்பு. சாளரங்கள், பட்டியல்கள், கோப்புறைகள், அமைப்புகள் எல்லாம் அதில் அடக்கம். 1997 ஆகஸ்டில் மிகேல் டி இகாசா, ஃபெடரிகோ மேனா என்ற இரண்டு மெக்சிகோ இளைஞர்கள் தொடங்கிய திட்டம் அது. இன்று உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்களை நிறுவினால் முதலில் வருவது அதுவே. சென்னை சி-டாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் குனோமையே முகப்பாக வைத்திருந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் அதில் இருந்தது. அந்த மடிக்கணினியைப் பெற்ற மாணவர் பெயர் தெரியாமலே குனோமைப் பார்த்திருக்கக்கூடும்.

அறக்கட்டளை பிறந்தது 2000 ஆகஸ்டில். நிரல் எழுதுவது அதன் முதன்மை வேலை அல்ல. நிரலர்களில் ஒரு பகுதியினருக்கு ரெட்ஹேட் போன்ற நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன; மற்றவர்கள் சொந்த ஆர்வத்தில் எழுதுகிறார்கள். வணிகச் சின்னத்தைக் காப்பது, வழங்கிகளைப் பராமரிப்பது, ஆண்டு மாநாடு நடத்துவது, மாநாட்டுக்கு வரும் தன்னார்வலர்களின் பயணச் செலவை ஏற்பது, வழக்கு வந்தால் எதிர்கொள்வது ஆகியவை அறக்கட்டளையின் பொறுப்பு. பெங்களூரில் 2011இலும் 2024இலும் நடந்த குனோம் ஆசியா மாநாடுகளும் இந்தப் பொறுப்பில் சேர்ந்தவை. அமெரிக்க வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்படி வரிவிலக்கு பெற்ற பொது அறநிறுவனம் அது. ஆலோசனை வாரியத்தில் சேரும் நிறுவனங்களின் ஆண்டுக் கட்டணம், மாநாட்டுக்குக் கிடைக்கும் விளம்பர ஆதரவு, தனிநபர் நன்கொடை, எப்போதாவது வாய்க்கும் மானியம் என்று அதன் வரவுக்கு நான்கு வாய்க்கால்கள். முதல் இரண்டுமே சில நிறுவனங்களின் மனநிலையைச் சார்ந்தவை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு காலத்தில் பெரிய ஆதரவாளராக இருந்தது. 2010இல் ஆரக்கிள் அதை வாங்கியதும் ஆதரவாளர் பட்டியலில் பழைய சன் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று.

இனி 2014க்கு வருவோம். பெண்களைக் கட்டற்ற மென்பொருள் உலகுக்குள் அழைத்துவர 'பெண்களுக்கான வெளிக்களத் திட்டம்' என்ற ஒன்றை அறக்கட்டளை நடத்திவந்தது. மூன்று மாதப் பயிற்சி. ஒருவருக்கு 5,500 டாலர் உதவித்தொகை. குனோமில் மட்டும் தொடங்கிய திட்டம் நாளடைவில் மற்ற மென்பொருள் திட்டங்களுக்கும் பரவியது. லினக்ஸ் கருநிரல், மொசில்லா, விக்கிமீடியா போன்றவையும் பயிற்சியாளர்களை எடுக்கத் தொடங்கின. அந்தப் பயிற்சியாளர்களுக்கான பணத்தை வெளி நிறுவனங்கள் தருவதாக ஒப்புக்கொள்ளும். அறக்கட்டளை அவர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பி வசூலிக்கும். பயிற்சியாளருக்கு அறக்கட்டளையே பணம் கொடுக்கும்.

சிக்கல் தேதிகளில் இருந்தது. பயிற்சியாளருக்கு நாள் தவறாமல் கொடுத்தாக வேண்டும். அவர் அந்தப் பணத்தில் வாடகை கட்டுகிறவர். பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவோ கொள்முதல் ஆணை எண், விற்பனையாளர் பதிவுப் படிவம், மேலாளர் ஒப்பம் எல்லாம் முடிந்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும். மாதங்கள் ஆகும். பத்துப் பேருக்கு 55,000 டாலரைக் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஒரு சிறிய நிறுவனத்துக்குச் சிரமம். முப்பது பேருக்கு 1,65,000 டாலர் என்று ஆனால் இயலாத காரியம். திட்டம் வளர வளர முன்பணத் தேவையும் வளர்ந்தது. அதைக் கவனித்து விலைப்பட்டியல் அனுப்பி, நினைவூட்டி, துரத்தி வசூலிக்க ஆட்கள் பெருகவில்லை.

இந்த நெருக்கடி ஐந்தொகையைப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. வரவேண்டிய தொகை சொத்துப் பக்கத்தில் நிற்கும். கொடுக்கவேண்டியதைக் கழித்தாலும் நிகரச் சொத்து உண்டு என்றே தாள் காட்டும். ஆனால் அந்தச் சொத்தைக் கொண்டு வெள்ளிக்கிழமை யாருக்கும் காசோலை எழுத முடியாது. நொடித்துப்போவது வேறு, கையில் காசில்லாமல் முடங்குவது வேறு. சிறிய அறக்கட்டளைகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் மாட்டுகின்றன. அதே நேரத்தில் செயல் இயக்குநர் கேரன் சாண்ட்லரும் மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பகம் என்ற வேறோர் அமைப்புக்குப் போய்விட்டார். வாரியம் நிலுவைகளைத் துரத்தி வசூலித்தது, செலவை முடக்கியது, சில மாதங்களில் நிலைமை சீரானது. 2015இல் அந்தப் பயிற்சித் திட்டமே 'அவுட்ரீச்சி' என்ற புதுப் பெயரோடு சாண்ட்லர் இருந்த அமைப்புக்கு மாறியது. பயிற்சித் திட்டம் இன்றும் நடக்கிறது. எந்த அமைப்பின் கணக்குப் பிரிவுக்கு அந்தச் சுமையைத் தாங்கும் வலு இருந்ததோ, அங்கே போய்ச் சேர்ந்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

நெருக்கடி வந்த 2014இலேயே, நவம்பரில், இன்னொரு சோதனை. தள்ளுபடிக் கூப்பன் வணிகம் செய்துவந்த குரூப்பான் நிறுவனம், கடைகளுக்கான தன் கைக்கணினிக் கருவிக்கு 'குனோம்' என்றே பெயர் வைத்து, வணிகச் சின்னப் பதிவுக்கு வரிசையாக விண்ணப்பித்தது. எதிர்த்து வழக்காட 80,000 டாலர் வேண்டும் என்று அறக்கட்டளை பொதுமக்களிடம் கேட்டது. ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள்; விஷயம் பரவிய வேகத்தைப் பார்த்து குரூப்பான் பின்வாங்கியது. மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் ஒரு நிறுவனம் தன் பெயரைக் காக்கவே உண்டியல் ஏந்த வேண்டியிருந்தது என்றால் இருப்பு எவ்வளவு மெலிந்திருந்தது என்பதும் அதிலேயே தெரிகிறது. ஊர் பொங்கி எழும் விவகாரமாக இல்லாமல் சலிப்பூட்டும் விவகாரமாக இருந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது. வரித் தணிக்கைக்கோ வழங்கி மாற்றத்துக்கோ யாரும் திரண்டு நன்கொடை தருவதில்லை.

சாண்ட்லர் விலகிய பிறகு செயல் இயக்குநர் நாற்காலி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. 2017 பிப்ரவரியில்தான் நீல் மெக்கவர்ன் வந்தார். இந்த இடைவெளியைக் கணக்குப் புத்தகம் நல்ல செய்தியாகவே காட்டும்: மிகப்பெரிய சம்பளம் ஒன்று மிச்சம். அறக்கட்டளைகளின் இருப்பு உயர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எந்த நாற்காலி காலி என்று கேட்பது என் வழக்கம். நன்கொடையாளர்களைச் சந்திப்பவர், மானியத்துக்கு எழுதுபவர், நிறுவனங்களோடு உறவைப் பேணுபவர் எல்லாமாக இருந்த ஒருவர் இல்லாதபோது அந்த ஆண்டின் செலவு குறையும். மூன்றாம் ஆண்டின் வரவும் சேர்ந்து குறையும்.

2018இல் மழை பெய்தது. மே மாதக் கடைசியில், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பத்து லட்சம் டாலர் வரை தருவதாக உறுதி கூறினார். ஆகஸ்டில் ஹேண்ட்ஷேக் என்ற, இணையப் பெயர்களுக்கான கிரிப்டோ திட்டம் 4,00,000 டாலர் கொடுத்தது. அதில் 1,00,000 கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்கு உரியது. குனோமுக்கு மட்டும் அடித்த அதிர்ஷ்டம் அல்ல இது. கிரிப்டோ நாணயங்களின் விலை உச்சம் தொட்டிருந்த காலம். ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு அதே ஆண்டில் பைனாப்பிள் என்ற கிரிப்டோ நன்கொடை நிதியிலிருந்து ஒரு மில்லியனும் ஹேண்ட்ஷேக்கிலிருந்து ஒரு மில்லியனும் வந்தன. குனோமின் போட்டித் திரைமுகப்பான கேடிஇக்கும் இரண்டு இடத்திலிருந்தும் சேர்த்து 5,00,000 டாலர் கிடைத்தது. ஒரே ஆண்டில் ஒரே துறை முழுவதும் பெய்த மழை அடுத்த ஆண்டும் பெய்யும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

கிம்ப்பின் பணத்தைப் பற்றி ஒரு சொல். தனக்கென்று சட்டப்பூர்வ அமைப்பு இல்லாத கிம்ப் போன்ற திட்டங்களின் பணத்தை அறக்கட்டளை தன் கணக்கில் வாங்கிவைத்துக் கேட்கும்போது கொடுக்கிறது. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது கொடுத்துவைத்த நகை நம் பீரோவில் இருப்பதுபோலத்தான் அது. பீரோவைத் திறந்து காட்டினால் நாம் பணக்காரராகத் தெரிவோம். வங்கி இருப்பை வைத்து ஓர் அறக்கட்டளையின் வளத்தை எடை போடுவோர் முதலில் வழுக்கி விழும் இடம் இது.

வந்த பணத்தை என்ன செய்வது? மூன்று வழிகள் இருந்தன. மூல நிதியாக முதலீடு செய்து வட்டியை மட்டும் எடுக்கலாம். பத்து லட்சத்தின் வட்டி ஓர் ஊழியருக்கும் காணாது. ஒருமுறைச் செலவுகளுக்கு ஒதுக்கலாம். இல்லையென்றால் ஆட்களை அமர்த்தி, அவர்கள் மூலம் வரவைப் பெருக்கி, நன்கொடை தீர்வதற்குள் நிறுவனத்தைப் பெரிய அளவில் நிலைநிறுத்தலாம். அறக்கட்டளை மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. ஊழியர் எண்ணிக்கை கூடியது. இந்தத் தேர்வைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்லன். 2014இன் நெருக்கடியே ஆள் இல்லாததால் வந்தது. ஆட்கள் வந்தார்கள், அவர்களால் புது வரவும் வந்தாக வேண்டும் என்ற இரண்டாம் பாதிதான் நிறைவேறவில்லை.

இங்கே சட்டமும் ஒரு பாத்திரம். அமெரிக்காவில் குனோம் போன்ற பொது அறநிறுவனம் இவ்வளவு காலத்துக்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்ற விதி இல்லை. ஜெர்மனியில் உண்டு. அங்கே பதிவான கேடிஇ சங்கம் போன்ற பொதுநல அமைப்புகள், வந்த பணத்தை அதற்கடுத்த இரண்டு காலண்டர் ஆண்டுகள் முடிவதற்குள் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். காரணம் காட்டி ஒதுக்கிவைக்கும் காப்பு நிதிகளுக்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்ட சட்டத்தின்கீழ், பெரிய நன்கொடை வந்த மறு ஆண்டுகளில் பற்றாக்குறைத் திட்டம் போடுவது ஊதாரித்தனம் ஆகாது, அது கடமை. நம் நாட்டு வருமான வரிச் சட்டம் இன்னும் கறார். அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். 15 விழுக்காட்டை மட்டுமே கேள்வியின்றி ஒதுக்கலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் நோக்கத்தைக் குறிப்பிட்டுப் படிவம் கொடுத்து ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டும். மூல நிதிக்கென்று எழுதிக் கொடுக்கப்படும் நன்கொடைக்குத் தனி விதி. பதுக்கலைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் ஆண்டு வரவு ஏறி இறங்கும் சிறிய அமைப்புக்கு நல்ல ஆண்டில் சேர்த்து மோசமான ஆண்டைக் கடக்கும் வழியையும் இது குறுக்குகிறது. எது சரியான சட்டம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சேர்க்க முழுச் சுதந்திரம் இருந்த அமெரிக்காவில்தான் குனோமின் இருப்பு கரைந்தது.

கரைவதற்கு முன் அந்த இருப்பு ஒரு முறை தன் வேலையைச் செய்தது. 2019இல் ராத்ஸ்சைல்ட் பேட்டன்ட் இமேஜிங் என்ற நிறுவனம் அறக்கட்டளை மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. ஷாட்வெல் என்ற புகைப்பட மேலாளர், படங்களைக் கம்பியில்லாமல் அனுப்பும் தங்கள் காப்புரிமையை மீறுகிறதாம். பொருள் எதுவும் தயாரிக்காமல் காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டுச் சம்பாதிக்கும் வகை நிறுவனம் அது. இந்த வணிகத்தின் அடிப்படையே எதிராளியின் கையிருப்பைக் கணக்கிடுவதுதான். வழக்காடும் செலவைவிடக் குறைவாக ஒரு தொகையைச் சொல்வார்கள். கையில் இல்லாதவன் அதைக் கொடுத்து விலகிவிடுவான். அறக்கட்டளைக்கும் ஐந்திலக்கத்தில் ஒரு சமரசத் தொகை சொல்லப்பட்டது. 2014இன் அறக்கட்டளையாக இருந்திருந்தால் யோசித்திருக்கும். 2019இன் அறக்கட்டளை மறுத்தது, எதிர்வழக்கும் தொடுத்தது, வழக்கு நிதிக்கென்று தனியாக நன்கொடை திரட்டியது, ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங் என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் வாதாட முன்வந்தார்கள்.

2020 மே மாதம் வழக்கு முடிந்தது. அறக்கட்டளை ஒரு காசும் கொடுக்கவில்லை. வழக்குப் போட்ட தரப்பு, தன்வசமுள்ள நூறு அளவிலான காப்புரிமைகளை வைத்துத் திறந்த உரிமத்தில் வெளியாகும் எந்த மென்பொருள் மீதும் வழக்குத் தொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. குனோமோடு தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்கு அதில் பாதுகாப்பு கிடைத்தது. இருப்பில் வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியைச் செலவிடாமலே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மிரட்டலை மறுக்கும் துணிவு அந்தப் பணம் கணக்கில் இருந்ததால் வந்தது. இருப்பு 'சும்மா கிடக்கும் பணம்' என்று சொல்லும் நன்கொடையாளர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்ட வேண்டும்.

அந்த மாதங்களில் உலகம் பூட்டப்பட்டிருந்தது. மெக்சிகோவின் சகாடெகாஸ் நகரில் நடக்கவிருந்த ஆண்டு மாநாடு இணையத்துக்கு மாறியது. மாநாட்டுச் செலவு மிச்சம். மாநாட்டை ஒட்டி வந்துகொண்டிருந்த நிறுவன உறவுகளின் சூடும் குறைந்தது. எண்ட்லெஸ் நிறுவனம் 5,00,000 டாலர் கொடுத்தது. ஆனால் மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் போட்டித் திட்டம் ஒன்றுக்காக. 2022இல் மெக்கவர்ன் விலகினார். அடுத்த செயல் இயக்குநர் ஹாலி மில்லியன் வந்தது 2023 அக்டோபரில். மீண்டும் ஓராண்டுக்கு மேல் நாற்காலி காலி. இந்த முறை ஊழியர்கள் இருந்தார்கள், சம்பளம் போய்க்கொண்டிருந்தது, பணம் தேடும் தலைமை மட்டும் இல்லை. என் கணிப்பில் குனோமின் இருப்பு கரைந்ததற்குத் தொற்றுக்காலத்தைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம்.

பற்றாக்குறை என்ற சொல்லைப் பார்த்ததும் பதறவும் கூடாது. அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி, நிபந்தனையற்ற பல்லாண்டு நன்கொடை வாக்குறுதி கிடைத்தால் முழுத் தொகையும் முதல் ஆண்டு வரவிலேயே ஏறும். அந்த ஆண்டு பெரிய உபரி. அதே பணத்தைத் திட்டமிட்டபடி செலவிடும் அடுத்த ஆண்டுகள் எல்லாம் தாளில் பற்றாக்குறை. நல்ல நிலையில் இருக்கும் அறக்கட்டளையும் மூன்றில் இரண்டு ஆண்டு நட்டம் காட்டலாம். குனோம் விஷயத்தில் அப்படி ஆறுதல் சொல்ல வழியில்லை. பழைய நன்கொடைகளை வைத்துத்தான் நடத்திவந்தோம் என்று வாரியமே சொல்லிவிட்டது. இதை வெளியிலிருந்து உரிய காலத்தில் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அமெரிக்க அறநிறுவனங்கள் 990 என்ற படிவத்தில் வரவு, செலவு, சொத்து, உயர் அலுவலர் சம்பளம் எல்லாவற்றையும் பகிரங்கமாகத் தர வேண்டும். மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் குனோமின் நிதியாண்டு செப்டம்பரில் முடிகிறது. படிவத்துக்குப் பிப்ரவரி வரை காலம். நீட்டிப்புக் கேட்டால் ஆகஸ்டு வரை. வாசகர் கையில் கிடைக்கும் எண்கள் ஓராண்டு பழையவை.

விசித்திரமானது 2023ஆம் ஆண்டு. இருப்பு அடிமட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஜெர்மன் அரசின் சாவரின் டெக் நிதி குனோமுக்குப் பத்து லட்சம் யூரோ கொடுத்தது. குனோமின் வரலாற்றில் மிகப்பெரிய தொகைகளில் ஒன்று. பார்வையற்றோருக்கான அணுகல் வசதி, பயனரின் தரவைப் பூட்டிக் காக்கும் வசதி என்று பல ஆண்டுகளாகத் தள்ளிப்போன வேலைகள் அந்தப் பணத்தில் நடந்தன. மென்பொருளுக்கு அது பொற்காலம். அலுவலகக் கணக்கை அது காப்பாற்றாது. எந்த வேலைக்கு என்று ஒப்பந்தம் போட்டு வந்த பணம் அந்த வேலையைச் செய்யும் நிரலர்களுக்குப் போக வேண்டும். வழங்கிக் கட்டணத்துக்கும் தணிக்கையாளருக்கும் திருப்ப முடியாது.

அமெரிக்கக் கணக்கியல் இதை 'நன்கொடையாளர் கட்டுப்பாடு உள்ளது', 'இல்லாதது' என்று இரண்டு கூடைகளாகப் பிரிக்கிறது. முன்பு மூன்று கூடைகள் இருந்தன. 2016இல் வந்த திருத்தம் இரண்டாகச் சுருக்கியது. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் பொதுச் செலவுக்கு எவ்வளவு பணம் கைக்கு எட்டும் என்று தனியே ஒரு குறிப்பு எழுதவும் கட்டாயமாக்கியது. ஆண்டறிக்கையில் வாசகர் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அந்தக் குறிப்புதான். மற்றவை படங்களும் புன்னகைகளும்.

நன்கொடையாளர்களுக்குத் திட்டம் பிடிக்கும், கணக்காளர் பிடிக்காது. நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் அறக்கட்டளையே நேர்மையானது என்ற எண்ணம் எங்கும் ஊறியிருக்கிறது. அதற்குப் பயந்து அறக்கட்டளைகள் கணக்குப் பிரிவைப் பட்டினி போடுகின்றன, பட்டினி போட்ட கணக்குப் பிரிவு விலைப்பட்டியலைத் துரத்தாது, 2014 நடக்கும். அன் காகின்ஸ் கிரிகரி, டான் ஹோவர்ட் இருவரும் 2009இல் ஸ்டான்ஃபோர்டு சமூகப் புத்தாக்க இதழில் எழுதிய கட்டுரை இதைப் பட்டினிச் சுழல் என்றே அழைத்தது. இணையத்தின் பாதுகாப்பையே தாங்கிய ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது, அதில் ஹார்ட்பிளீட் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட 2014இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தச் சுழலின் கடைசிப் படி அது.

கட்டுப்பாடுள்ள பணத்தை மறுப்பதற்கும் கட்டுப்பாடில்லாத பணம் வேண்டும். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2025இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிதியத்திடம் 15 லட்சம் டாலர் கேட்டு விண்ணப்பித்திருந்தது, பரிந்துரையும் ஆகிவிட்டது. பன்மைத்துவத் திட்டங்கள் எதையும் நடத்தக் கூடாது என்ற விதியும், மீறினால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருந்தன. அறக்கட்டளையின் ஆண்டுச் செலவே 50 லட்சம் டாலர் அளவில். செலவழித்து முடித்த 15 லட்சத்தை ஒரு நாள் திருப்பிக் கேட்டால் எங்கே போவது? அக்டோபரில் விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டார்கள். அந்த முடிவை அறிவித்ததும் சிறு நன்கொடைகள் வந்தன. ஆனால் முடிவு எடுத்தபோது அவை கணக்கில் இல்லை.

குனோமின் 2024 ஏப்ரல் அறிவிப்பில் ஓர் ஆறுதலான செய்தி இருந்தது. அறக்கட்டளைக்கு எழுதிவைத்த இருப்புக் கொள்கை இருந்தது: இந்த அளவுக்குக் கீழே இருப்பு இறங்கக் கூடாது, வரவு திடீரென்று நின்றால் அடிப்படைப் பணிகளை நடத்திக்கொண்டே புது வழி தேட அந்தத் தொகை வேண்டும் என்ற கோடு. அந்தக் கோட்டைத் தொட்டதும் வாரியம் நின்றது. மறு மாதங்கள் வலி மிகுந்தவை. ஜூலையில் ஹாலி மில்லியன் விலகினார். அக்டோபரில் செலவைக் குறைத்து ஊழியர் இருவரை அனுப்ப வேண்டியிருந்தது. 2025 மே மாதம் வந்த ஸ்டீவன் டியோபால்ட் ஆகஸ்டு இறுதியில் போய்விட்டார். ஆனால் மாநாடுகள் நடந்தன, வழங்கிகள் ஓடின, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய குனோம் பதிப்பு தவறாமல் வந்தது. 2014இல் சுவரில் மோதித்தான் நின்றார்கள். 2024இல் கோட்டைப் பார்த்து நின்றார்கள். பத்தாண்டில் நடந்த உண்மையான முன்னேற்றம் இதுவே.

எவ்வளவு இருப்பு போதும்? மூன்று முதல் ஆறு மாதச் செலவு என்று அறநிறுவன ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வார்கள். மறுபுறம், மூன்றாண்டுச் செலவுக்கு மேல் கட்டுப்பாடற்ற பணம் சேர்ந்திருந்தால் நன்கொடை கேட்பது முறையல்ல என்கிறது அமெரிக்காவின் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் வகுத்த தரநெறி. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களைக் கொண்ட அறக்கட்டளைக்கு ஆறு மாதம் போதாது என்பதே குனோமின் கணக்கிலிருந்து நான் பெறும் முடிவு. செயல் இயக்குநர் ஒருவர் போனால் அடுத்தவர் வர அங்கே ஒரு முறை மூன்றாண்டும், இன்னொரு முறை ஓராண்டுக்கு மேலும் ஆயின. வந்தவர் உறவுகளைப் புதுப்பித்து முதல் மானியத்தைக் கொண்டுவர இன்னோர் ஆண்டு. வரவை மீண்டும் கட்டியெழுப்ப எத்தனை மாதம் ஆகும் என்பதை வைத்து இருப்பை நிர்ணயிக்க வேண்டும். பன்னிரண்டு மாத அடிப்படைச் செலவுக்குக் குறைவான எதுவும் இந்த வகை நிறுவனத்துக்கு நூலிழை. ஒருமுறை வந்த பெரிய நன்கொடையிலிருந்து நிரந்தரச் சம்பளத்துக்கு எடுப்பதானால், எந்தத் தேதிக்குள் புது வரவு வராவிட்டால் அந்தப் பணியிடம் முடியும் என்பதை அமர்த்தும் நாளிலேயே வாரியத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். கொடூரமாகத் தோன்றும். அக்டோபரில் திடீரென்று கடிதம் கொடுப்பதைவிடக் கருணையானது.

உபுண்டுவோ ஃபெடோராவோ பயன்படுத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குனோமுக்கோ, நம் ஊரில் நீங்கள் மதிக்கும் ஒரு நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுப்பதாக இருந்தால், ஒரே முறை பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, எந்தத் திட்டத்தின் பெயரையும் எழுதாமல், மாதாமாதம் ஒரு சிறு தொகையைக் கொடுங்கள். ஆண்டறிக்கை வந்ததும் பொதுச் செலவுக்கு எத்தனை மாத இருப்பு இருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதமும் எழுதுங்கள்.